வெள்ளையம்மாளுக்கு நான் போட்ட தவிடு

முதலில் மெல்லும் சத்தம்தான் குறைந்தது. எங்கள் குதிரை வெள்ளையம்மா வைக்கோலை வாயில் வாங்கி, பாதி மென்று, உருண்டையாகத் துப்பினாள். ஒருநாள் முன்கால் நொண்டினாள், இன்னொரு நாள் பின்கால். பிறகு கண்ணுக்குக் கீழே இரண்டு பக்கமும் முகம் வீங்கியது.

எனக்குத் தெரிந்த வீக்கம் ஒன்றுதான். பொன்னுக்கு வீங்கி! என் பிள்ளைகளுக்கு வந்தபோது செய்ததையே செய்தேன். பத்துப் போட்டு, என் கழுத்துச் சங்கிலியைக் கழற்றி அவள் கழுத்துக் கயிற்றோடு சேர்த்துக் கட்டினேன். "தாலியையும் கழட்டிக் கட்டிடாதே" என்று என் கணவர் சிரித்தார்.

எங்கள் ஊர் பாபநாசத்துக்குப் பக்கம். கல்யாண ஊர்வலத்துக்கென்று வாங்கிய குதிரை. என் மாமியார் கூலிக்கு நடவு நட்ட வயல் இன்று எங்களுடையது. அந்த நெல்லின் தவிட்டைத்தான் கூடை கூடையாக அவளுக்குக் கொட்டினேன். எங்கள் வீட்டுக்கு வந்த ஜீவன் வயிறு காயக் கூடாது என்று எனக்கு ஒரு வெறி.

தஞ்சாவூரிலிருந்து வந்த கால்நடை மருத்துவர் சங்கிலியைப் பார்த்தார். சிரிக்கவில்லை. வீக்கத்தை அழுத்திப் பார்த்தார்.

"என்ன தீவனம் போடுறீங்க?"

"ஒரு குறையும் வைக்கலைங்க. மூணு வேளையும் நம்ம நெல்லுத் தவிடு, நம்ம வயல் வைக்கோல். மாடெல்லாம் அதைத் தின்னுதான் கொழுகொழுன்னு இருக்கு."

"மாட்டுக்குச் சரிம்மா. குதிரைக்கு அதுதான் வியாதி."

எக்ஸ்ரேயும் ரத்தப் பரிசோதனையும் அதையே சொல்லின. தவிட்டில் பாஸ்பரஸ் மிக அதிகம், கால்சியம் (எலும்புக்கு உறுதி தரும் சுண்ணாம்புச் சத்து) மிகக் குறைவு. வைக்கோலில் உள்ள ஆக்சலேட் (அந்தச் சத்தை உடம்பில் சேரவிடாமல் குடலிலேயே பிடித்துவைக்கும் பொருள்) மிச்சத்தையும் தடுத்துவிடும். உடம்பு வேறு வழியின்றித் தன் எலும்பிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. எலும்பு இளகி முகம் உப்புகிறது.

"பிழைப்பாளா டாக்டர்?"

"பல்லு ஆடுதும்மா. மென்னு தின்ன ஆரம்பிச்சா பிழைச்சுக்குவா. இல்லைன்னா கஷ்டம்தான்."

கொட்டிலில் உட்கார்ந்து அழுதேன். பட்டினி போட்டுக் கெடுத்திருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். அள்ளி அள்ளிப் போட்டல்லவா கெடுத்தேன்!

அழுது முடித்ததும் தவிட்டுக் கூடையைத் தூக்கி மாட்டுப் பக்கம் வைத்தேன். வரப்பில் நாங்கள் திட்டிக்கொண்டே வெட்டி எறியும் அருகம்புல்தான் அவளுக்கு நல்ல தீவனமாம். வெட்டி, உலர்த்தி, முதலில் தண்ணீரில் ஊறவைத்துக் கொடுத்தேன். கூடவே கோயம்புத்தூர்ப் பக்கமிருந்து வரவழைத்த குதிரைமசால் (கால்சியம் நிறைந்த பயறுவகைத் தீவனம்). வைக்கோலைக் குறைத்துக்கொண்டே புதுத் தீவனத்தைப் பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினோம். ஒரேயடியாக மாற்றினால் வயிற்றுச் சூலை வரும். மருத்துவர் அளந்து கொடுத்த கால்சியம் தூளும் உண்டு. அது வெற்றிலைச் சுண்ணாம்பு இல்லை, ஐயையோ, அதைப் போட்டுவிடாதீர்கள், வாய் வெந்துவிடும்.

குத்துமதிப்பாக அள்ளிப் போடுவதை அன்றோடு விட்டேன். நூறு கிலோ உடம்புக்கு நாளொன்றுக்கு இரண்டு கிலோ உலர்புல் என்பது மருத்துவர் சொன்ன அளவு. தராசு கொட்டிலிலேயே தொங்குகிறது.

உங்கள் குதிரையும் இப்படித் துப்பிக்கொண்டு நின்றால், தவிட்டை நிறுத்திவிட்டு மருத்துவரைக் கூப்பிடுங்கள். என்ன போட்டீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். வெட்கப்பட்டால் குதிரை போய்விடும். காலம் பிடிக்கும், ஆனால் தேறும்.

குறுவை அறுப்பில் தொடங்கியது, அடுத்த குறுவை நடவில்தான் விட்டது. ஒருநாள் காலை சாணம் அள்ளிக்கொண்டிருந்தேன். கரக் கரக் என்று சத்தம். திரும்பிப் பார்த்தால் ஊறவைக்காத புல்லை மென்றுகொண்டிருக்கிறாள். அடி என் தங்கமே என்று கட்டிக்கொண்டேன்.

முகத்து மேடு முழுசாக வடியவில்லை, வடியாது என்றும் சொல்லிவிட்டார்கள். அவள்மேல் இப்போதெல்லாம் யாரும் ஏறுவதில்லை. காலையில் அவள் கன்னத்தைத் தடவிப் பார்த்த கை, தானாக என் தாடைக்கும் போகிறது. எலும்பு ஒருநாள் போல இன்னொரு நாள் இருப்பதில்லை என்று இப்போது எனக்குத் தெரியும். அவள் மென்று முடிக்கும்வரை எனக்கு வேறு வேலை ஓடுவதில்லை.

வீட்டுக்கு வருகிறவர்கள் கேட்பார்கள், "முகம் ஏன் இப்படி இருக்கு?"

"அது பிறவியிலேயே..." என்று என் கணவர் என்னைக் காப்பாற்றப் பார்ப்பார்.

"இல்லைங்க" என்பேன். "நான் போட்ட தவிடு."

சொல்லிவிட்டுப் புல்லை நிறுக்க எழுந்து போவேன்.