தொரைக்கு 'யூ', ஆண்டவருக்கு 'தௌ'

பெரிய வெள்ளியன்றும் வேலை உண்டு என்று காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டில் சொல்லிவிட்டார்கள். தேயிலைக் கொழுந்து முற்றுகிற சமயமாம், ஒரு நாளும் விட முடியாதாம். இலங்கை மலைநாட்டில் தலவாக்கலைப் பக்கம் இருந்த எங்கள் தோட்டத்தில் வேதக்காரக் குடும்பங்கள் கொஞ்சம்தான். எங்களுக்காக யார் கேட்பார்கள்? நானே தோட்டத்து மேனேஜர் தொரையிடம் லீவு கேட்கப் போனேன்.

தோட்டத்துப் பள்ளியில் ஐந்தாவதோடு நின்றவன் நான். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் எல்லாம் கோயிலில் வெள்ளைக்காரப் பாதிரியார் சொல்லிக்கொடுத்த ஜெபங்கள்தான். தமிழ் ஜெபத்தில் ஆண்டவரை 'நீர்' என்று அழைக்கிற இடத்திலெல்லாம் இங்கிலீஷில் 'தௌ' வரும். அதைவிட மரியாதையான வார்த்தை இருக்க முடியாது என்று நம்பி, ஆபிஸ் வாசலில் நின்று, தொரையைத் 'தௌ' என்று கூப்பிட்டே கேட்டேன்.

தொரை புருவத்தைத் தூக்கினார். பக்கத்தில் நின்ற பெரிய கிளாக்கர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"ஏன்யா, அது எந்தக் காலத்து இங்கிலீஷ்? இப்ப யாரு அப்படிப் பேசுறா? 'யூ'ன்னு சொல்லணும். 'தௌ'ன்னா 'நீ'. தொரையவே நீன்னுட்டியே. மொதல்ல மன்னிப்புக் கேளு, அப்பறம் லீவப் பத்திப் பேசலாம்."

எனக்குக் காது சுட்டது. ஆனாலும் வாய் அடங்கவில்லை.

"வார்த்தைய மாத்திக்கிறேங்க ஐயா. மன்னிப்பு எதுக்குங்க? எங்கப்பாவுக்குத் தலை பூரா நரைச்சுப் போச்சு. அவரையும் தொரை நீன்னுதான் கூப்பிடுறாங்க. அதுக்கு யாரு மன்னிப்புக் கேட்டா?"

தொரைக்குத் தோட்டத்துத் தமிழ் நன்றாகவே தெரியும். முகம் சிவந்தது.

"நீ போ" என்றார்.

லீவு கிடைக்கவில்லை. வெள்ளிக்கிழமை நாங்கள் பெரட்டுக்குப் போகவும் இல்லை. வெள்ளை வேட்டியும் வெள்ளைச் சேலையுமாக, கொழுந்து எடுப்பவர்கள் நிமிர்ந்து பார்க்க, ஆபிஸைத் தாண்டித்தான் கோயிலுக்கு நடந்தோம். அன்றைய சம்பளம் போயிற்று. மறுவாரம் என்னைத் தேயிலைச் செடிகளைக் கவாத்து வெட்டுகிற முரட்டு வேலைக்கு மேல்மலைக்கு விரட்டினார்கள். போனேன்.

கோயிலில் ஜெபம் தொடங்குமுன் என் மனைவி காதோடு சொன்னாள்: "அந்தத் 'தௌ'ன்னா 'நீ'யாமுல்ல. ஆண்டவரையும் 'யூ'ன்னே சொல்லிருங்களேன். வம்பு வேணாங்க."

"யூவெல்லாம் தொரைக்கு. இவர நீன்னு கூப்பிட்டா, போன்னு சொல்ல மாட்டாரு."

அப்புறம் 'தௌ' என்று ஆபிஸ் வரைக்கும் கேட்கிற மாதிரி ஜெபித்தேன். இன்றைக்கும் அப்படித்தான்.