கீழ்ப்படியில் கீரைக்கூடை

பஸ் வந்து திரும்பி நிற்பதற்குள் பட்டம்மாள் தெருவுக்குள் நுழைந்துவிடுவாள். போகும்போது கீரைக்கூடையைப் பஸ்ஸின் கீழ்ப்படியில் வைத்துவிட்டுத்தான் போவாள். கூடை அங்கே இருக்கும்வரை கண்டக்டர் தேவசகாயம் எப்படி விசில் ஊதுவான்?

“கொஞ்சம் இருப்பா தம்பி, ஆள் வந்துக்கினே இருக்குது.”

ஒருவரும் வந்துகொண்டிருக்க மாட்டார்கள். அவள்தான் போய் இழுத்துவர வேண்டும்.

சின்ன காஞ்சிபுரத்துக்கு அப்பால், நேற்றுவரை வயலாகக் கிடந்த இடத்தில் முளைத்த நெசவாளர் நகர் அது. டவுன் பஸ்ஸை வெள்ளோட்டமாகத்தான் விட்டிருந்தார்கள். ஏற ஆளில்லை என்றால் ஆடியோடு சரி. நெசவாளியோ அமாவாசைக்குத்தான் தறியை விட்டு எழுந்திருப்பான். அன்றைக்குப் பஸ் பிதுங்கும். மற்ற நாளெல்லாம் காற்று வாங்கும். பட்டம்மாளுக்கோ முழங்கால் போய்விட்டது. பஸ் நின்றுபோனால் தினமும் கூடையைச் சுமந்துகொண்டு பெரிய காஞ்சிபுரம் வரை நடக்க அவளால் ஆகாது. பிழைப்பும் அவ்வளவுதான்.

அதனால் வீடு வீடாகப் போய் நிற்பாள். வாய் லேசுப்பட்டதல்ல.

“பட்டுச் சேலைய சைக்கிள்ல கட்டிக்கினு போறியே தர்மா, நடுவழில மழ புடிச்சா மொதலாளி உன்னக் கொஞ்சுவாரா?”

தறிக்காரத் தர்மன் சேலை மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்தான்.

“எனக்கு டவுன்ல இன்னாக்கா வேல?” என்றாள் அடுத்த வீட்டுக் கிருஷ்ணவேணி.

“காமாட்சியப் பாத்துட்டு வாம்மா. எந்நேரமும் அடுப்பையே பாத்துக்கினு இருக்கறியே.”

அவளும் ஏறினாள், துணைக்கு இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு. அட, இந்தப் பெண்பிள்ளை மட்டும் தேர்தலில் நின்றிருந்தால்!

ஆடிக் கடைசியில் ஒரு காலை, பஸ்ஸை வைத்துக்கொள்வதா நிறுத்துவதா என்று பார்க்க அதிகாரி ஒருவர் வந்து முன்சீட்டில் உட்கார்ந்தார். அமாவாசைகூட இல்லை. பட்டம்மாள் கடைசி வீட்டுக் கதவையும் தட்டிவிட்டு, நொண்டிக்கொண்டே திரும்பினாள். படியில் ஆள் தொங்கியது. கூடையை யாரோ தரையில் இறக்கி வைத்திருந்தார்கள்.

“நிக்கக்கூட எடமில்லக்கா.” தேவசகாயத்துக்கு அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

பட்டம்மாள் தரையில் இருந்த கூடையையும் படியில் தொங்கியவர்களையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்புறம் வந்ததே ஒரு சிரிப்பு, சந்தோஷம் தாங்கவில்லை அவளுக்கு. முன் ஜன்னலுக்குப் போய் அதிகாரியிடம் சொன்னாள்:

“எடமில்லன்னு எழுதிக்கினு போ சாமி.”

பஸ்ஸை உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டி, “ரைட், போலாம்” என்றாள். வண்டி கிளம்பியதும் கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு, அது கிளப்பிவிட்ட புழுதிக்குள் நடக்கத் தொடங்கினாள்.