டைகரின் சிவப்புப் பாட்டில்

நாயின் சிறுநீரைச் சோதிக்க ஐந்து நிமிஷம் போதும். அதைப் பிடிப்பதில்தான் கால்நடை வைத்தியரின் ஆயுள் குறைகிறது. எண்பதுகளில் சின்ன ஊர்களில் இந்தத் தொழில் பார்த்த சக பாவிகளே, உங்களுக்கு நான் சொல்லவா வேண்டும்?

நீளக் கரண்டி

மெட்ராஸில் படித்து, அங்கேயே சில காலம் வேலை பார்த்துவிட்டுச் செஞ்சிக்குத் திரும்பியிருந்தேன். சிங்கவரம் ஏழுமலை தன் நாய் டைகரோடு வந்தார். முக்கி முக்கிச் சொட்டுச் சொட்டாகப் போகிறதாம். கல்லா, புண்ணா என்பது சிறுநீரைப் பார்த்தால்தான் தெரியும். உள்ளே செலுத்திச் சிறுநீர் எடுக்க என்னிடமிருந்த ரப்பர் குழாய் கொதிக்க வைத்தே வெடித்திருந்தது. புதியது விழுப்புரத்திலிருந்து மறுநாள்தான் பஸ்ஸில் வரும். ஆகவே மூங்கில் குச்சியில் எவர்சில்வர் கரண்டியைக் கட்டிக்கொண்டு டைகர் பின்னாலேயே நடந்தேன். அது காலைத் தூக்கும், கரண்டி நீளும், காலை இறக்கிவிடும். மரம் மரமாகப் போனோம்.

ஏழுமலைக்குப் பொறுக்கவில்லை: "இன்னா சார், ஒருத்தன் பின்னால கரண்டியோட நின்னா உங்களுக்கு மட்டும் வந்துடுமா?"

ரத்தச் சிவப்பு

"வீட்டுலயே புடிச்சு, சுத்தமான பாட்டில்ல கொண்டாங்க" என்று அனுப்பினேன். மறுநாள் அமாவாசை. ஏழுமலை டைகரை இழுத்து வர, அவர் மனைவி கன்னியம்மா பாட்டிலை நீட்டினாள். உள்ளே ரத்தச் சிவப்பு. கல் கிழித்திருக்க வேண்டும். நாயின் மூத்திரப்பையை நான் தனியாகத் திறந்ததே இல்லை. மெட்ராஸுக்கு அனுப்பினால் வழியிலேயே முடிந்துவிடும். "வயித்தைத் திறக்கணும். பிழைக்கும்னு உறுதி சொல்ல மாட்டேன்" என்றேன். அடுப்பில் கத்தி கொதித்துக்கொண்டிருந்தது.

கன்னியம்மா டைகரின் முகத்தை மடியோடு அழுத்திக்கொண்டாள்: "மல்லாட்டைக் கொல்லையில கடலை புடுங்கறப்போ என்னைக் கடிக்க வந்த பாம்பை இவன்தான் சார் மறிச்சான். கத்தி வெக்கறப்போ நானே புடிச்சிக்கிறேன், வேற யாரும் தொட வேணாம்."

புதுக் குழாய்

கல் எங்கே அடைக்கிறது என்று பார்க்க, காலை பஸ்ஸில் வந்திருந்த குழாயில் எண்ணெய் தடவி மெல்லச் செலுத்தினேன். எங்கும் முட்டவில்லை. முனையில் ஒரு சொட்டு, பிறகு தாரை. கலங்கல் மஞ்சள்; சிவப்பு இல்லவே இல்லை. கல் இல்லை, வெறும் புண். மாத்திரைக்குக் கேட்கும்.

பாட்டிலை மோந்து பார்த்தேன். மஞ்சள் வாசனை. கேட்டால், அமாவாசை அன்று நாய் மூத்திரத்தை வீட்டில் வைத்தால் தீட்டு என்று, கன்னியம்மா அதில் மஞ்சள் தண்ணீர் கலந்திருக்கிறாள். பாட்டிலோ, ஏழுமலை வெற்றிலைச் சுண்ணாம்பு வைத்திருந்தது. மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் என்ன நிறம் என்று நம் வீடுகளில் யாருக்குத் தெரியாது? கத்தியை அடுப்பிலிருந்து இறக்கினேன்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "ஆரத்தி கரைச்ச புள்ளையப் போயி கிழிக்கப் பாத்தீங்களே சார்!"

அன்று முதல், கத்தியை எடுப்பதற்கு முன் குழாயை எடுக்கிறேன். குழாயை எடுப்பதற்கு முன், யார் பார்த்தாலும் பரவாயில்லை என்று பாட்டிலை மோந்து பார்த்துவிடுகிறேன்.