வெள்ளைப் பல்லுக்காரர்

எங்கள் ஊரில் வாயைப் பொத்தாமல் சிரித்த ஒரே பெண் என் சின்னம்மாதான். கம்பைநல்லூர்ப் பக்கம் போர்வெல் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்களுக்குப் பல்லில் பழுப்புக் கறை ஏறியிருக்கும். எந்தப் பற்பொடிக்கும் போகாது. கல்யாண வீட்டில் போட்டோ எடுக்கும்போதும் உதட்டை இறுக்கிக்கொண்டு நிற்போம். சிரிப்பு வந்தால் கை தானாக வாய்க்குப் போய்விடும். சின்னம்மா மட்டும் கடைவாய் தெரியச் சிரிப்பாள். "இந்த ஊரு நமக்குக் குடுத்தது இது ஒண்ணுதான். இதையும் எதுக்கு மூடி வெக்கணும்?" என்பாள்.

சின்னப்பா கட்டட வேலைக்குப் பெங்களூர் போனவர். முதலில் மாதம் தவறாமல் வந்தார். பிறகு போன் மட்டும் வந்தது. பிறகு அதுவும் நின்றுபோனது. கூட வேலை செய்தவர்களுக்கும் ஒன்றும் தெரியவில்லை. சின்னம்மா போலீஸில் புகார் கொடுத்துவிட்டு வந்தாள். தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு நிற்கும் பெண்கள் கேட்காமல் விடுவார்களா? "பல்லு வெளுக்கப் போயிருக்காரு. வெளுத்ததும் வந்துருவாரு," என்பாள். குத்திக் காட்டக் கேட்டவளும் சிரித்துவிடுவாள்.

ஒரு நாள் ஸ்டேஷனிலிருந்து ஆள் வந்தது. பெங்களூரில் ஏரியில் மிதந்த உடல் ஒன்றை ஆஸ்பத்திரியில் வைத்திருக்கிறார்கள், வயசும் உயரமும் ஒத்துப்போகிறது, வந்து பார்க்க வேண்டும் என்றார்கள். நான் அந்த ஊரில் தையல் கம்பெனியில் இருந்தவள், கன்னடம் பேசுவேன். என்னைக் கூட்டிக்கொண்டு புறப்பட்டாள். பஸ் ஓசூரைத் தாண்டும்வரை ஊர்க்கதை பேசிக்கொண்டே வந்தாள். அப்புறம் என் கையைப் பிடித்தவள் விடவே இல்லை.

பிணவறையில் துணியை விலக்கினார்கள். முகம் அடையாளம் தெரியும் நிலையில் இல்லை. சின்னம்மா அந்தக் கைகளைத் தொட்டுப் பார்த்தாள். சிமென்ட் தின்ற கைகள் எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கின்றன. "வாயைக் காட்டச் சொல்லு கண்ணு," என்றாள். நான் கன்னடத்தில் சொல்ல, அங்கே வேலை பார்த்த பெரியவர் உதட்டை விலக்கினார். பால் மாதிரி வெள்ளைப் பற்கள்.

அவள் விறைத்துப்போனாள். லாரி வரிசையில் சொன்ன கேலி பலித்துவிட்டதோ என்று ஒரு கணம் அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு, "இவரு எங்கூருத் தண்ணி குடிச்சவரு இல்லீங்க," என்று சொல்லிச் சிரித்தாள். அந்தச் சுவர்களுக்குள் அப்படியொரு சிரிப்பை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அர்த்தம் புரியாமலே பெரியவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டிருக்கும்போதே சின்னம்மாவுக்கு அழுகை வெடித்தது. துணியைத் தானே இழுத்துப் போர்த்தினாள். யாரும் வராவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்கச் சொன்னாள். கொஞ்ச நாள் பார்த்துவிட்டு நாங்களே புதைத்துவிடுவோம் என்றார் அவர். வெளியே போய் ஒரு முழம் பூ வாங்கி வந்து அந்த ஆளின் கால்மாட்டில் வைத்த பிறகுதான் கிளம்பினாள்.

ஊரில் எல்லோரும் நல்ல சேதி என்றார்கள். அவளோ லாரி வரிசையில் அந்தக் கேலியை மறுபடி சொல்லவே இல்லை. "அந்த மனுசன் என்கூடவே பஸ் ஏறி வந்துட்டாரு கண்ணு," என்றாள் என்னிடம்.

இப்போது குழாயில் காவிரித் தண்ணீர் வருகிறது. எங்கள் பிள்ளைகளுக்குப் பல் வெள்ளை. என் மகள் வாய் நிறையச் சிரித்தால் சின்னம்மா சட்டென்று வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறாள். அமாவாசைதோறும் ஓர் இலை போடுகிறாள். சின்னப்பாவுக்கு இல்லை; உயிரோடு இருக்கும் மனுசனுக்குப் படைக்கக் கூடாது என்பாள். இலை அந்த வெள்ளைப் பல்லுக்காரருக்கு.

போன அமாவாசைக்கு நானும் போயிருந்தேன். "உப்புக் கம்மியா இருந்தாக் கோவிச்சுக்காதீங்க," என்று இலையைப் பார்த்துச் சொல்லிவிட்டு, காக்கைக்குச் சோறு வைத்தாள். அப்புறம் என் பக்கம் குனிந்து கேட்டாள்.

"எங்கியாச்சும் ஒருத்தி, எங்க வூட்டுக்காரரைப் பாத்துட்டு, 'இது எங்காளு இல்லீங்க'ன்னு சொல்லிட்டுப் போயிருப்பாளா கண்ணு? அப்படீன்னா அவளும் அவருக்கு ஒரு எலை போடுவா இல்ல?"

"போடுவா சின்னம்மா," என்றேன்.

அவள் சிந்திய பருக்கைகளைக் காக்கையின் பக்கம் தள்ளிவிட்டாள்.

"அவ புளிக்கொழம்பு வெச்சாத் தேவலை," என்றாள். "சாம்பாருன்னா அவருக்கு எறங்காது."