ஒரு கண்ணில் மட்டும் பச்சை

தீபாவளிக்கு மூன்று நாள் இருக்கும்போது சுங்கைப் பட்டாணியில் ஓர் ஒப்பனைப் பொருள் கடைக்குள் நுழைந்தேன். எழுபத்தெட்டு வயதில் அப்படி ஒரு கடைக்கு வாங்கும் எண்ணத்தோடு போனது அதுவே முதல் முறை. கண்ணுக்குத் தீட்டும் பென்சில் வேண்டும் என்றேன். விற்பனையில் நின்றது ஒரு தமிழ்ப் பெண்பிள்ளை.

"யாருக்கு அங்கிள்? பேத்திக்கா?"

"என் மனைவிக்கு. அவளுக்குப் பழுப்புக் கண்ணு."

"ஆன்ட்டி குடுத்து வச்சவங்க! எங்க வீட்டுல ஒருத்தரு இருக்காரு, எனக்குக் கண்ணு எத்தனைன்னு கேட்டாலே யோசிப்பாரு. என்னா ப்ரவுன் அங்கிள்? தே ஓ கலரா, கோப்பி ஓ கலரா?"

பால் ஊற்றாத தேநீரா, பால் ஊற்றாத காப்பியா என்று கேட்கிறாள். நாற்பத்து நான்கு வருடம் கூட வாழ்ந்தவன் நான். கண்ணாடிப் பெட்டியில் அடுக்கியிருந்த பென்சில்களையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"கூட்டிட்டு வாங்க-லா அங்கிள். கண்ணப் பாத்தா ஒடனே சொல்லிடுவேன்."

என் மனைவி இறந்து இரண்டு வருடம் ஆகிறது என்பதை அந்தப் பிள்ளையிடம் சொல்லவில்லை. தீபாவளிக்கு முதல் நாள் மாலை எங்கள் வீட்டில் இறந்தவர்களுக்குப் படையல் போடுவோம். அவர்கள் ஆசைப்பட்டதை வைப்போம். ஆட்டுக்கறி, புதுச்சேலை, வளையல் எல்லாவற்றையும் மகள் பார்த்துக்கொள்வாள். என் மனைவி ஆசைப்பட்டு நான் தடுத்த பொருள் ஒன்று உண்டு. அது எனக்கு மட்டுமே தெரியும் என்று நினைத்திருந்தேன்.

மணமான புதிதில் பாடாங் செராய்க்குப் பக்கத்துத் தோட்டத்தில் தமிழ்ப்பள்ளி ஆசிரியராக இருந்தேன். தொழிலாளர் லய வீடுகளில் இருந்த பெண்கள் என் மனைவியைப் பூனைக்கண்ணு என்று கேலி செய்வார்கள். அவள் கூடச் சேர்ந்து சிரிப்பாள். எனக்குத்தான் உறுத்தியது. நானே ஒரு கறுப்பு மை டப்பா வாங்கி வந்து, அழுத்திப் போடு என்றேன். கடைசிவரை அதைத்தான் போட்டாள். அந்தக் கறுப்புக்குள் கண்ணின் நிறம் அடங்கிப் போயிற்று. பிறகு நானும் கவனிக்கவில்லை.

ஒரு பள்ளி விடுமுறையில் ஆசிரியர்கள் எல்லாரும் குடும்பத்தோடு லங்காவித் தீவுக்குப் போனோம். அங்கே வரியில்லாக் கடை ஒன்றில் ஒரு மலாய்ப் பெண் என் மனைவியின் முகவாயைப் பிடித்து நிமிர்த்தி, இந்தக் கண்ணுக்குக் கறுப்பு வேண்டாம் என்று துடைத்துவிட்டு, கரும்பச்சைப் பென்சிலால் இடக்கண்ணில் ஒரு கோடு தீட்டினாள். வலக்கண்ணுக்கு வருவதற்குள் மற்ற ஆசிரியர்களும் நானும் அங்கே வந்துவிட்டோம்.

"என்னா சார், அண்ணி சினிமாவுல நடிக்கப் போறாங்களா?" என்றார் கூட வந்த ஆசிரியர்.

எல்லாரும் சிரித்தார்கள். கேலிதான், வேறொன்றும் இல்லை. நான் அவளிடம், "தொடச்சிட்டு வா. நாலு பேரு பாக்குறாங்க" என்றேன். அவள் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டாள். பென்சிலைத் திருப்பிக் கொடுத்தபோது அந்த மலாய்ப் பெண்ணைப் பார்த்துச் சிரிக்கவும் செய்தாள்.

திரும்பி வந்த பெர்ரிப் படகில் என் மனைவி எனக்கு வலப்பக்கம், சன்னலோரம் உட்கார்ந்தாள். இமை ஓரத்தில் பச்சை கொஞ்சம் போகாமல் இருந்தது. வெயில் முகத்தில் விழுந்தது. புகையில் காய்ந்த ரப்பர் ஷீட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் எப்படி ஒளி ஊடுருவுமோ, அப்படி இருந்தது அந்தக் கண். அவ்வளவு அழகை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பார்த்துக்கொண்டே வந்தேன். ஒன்றும் சொல்லவில்லை.

"தே ஓ," என்றேன் கடைப் பெண்ணிடம். ரப்பர் ஷீட்டை அவள் பார்த்திருக்க மாட்டாள்.

அவள் என் புறங்கையில் வரிசையாகக் கோடுகள் இழுத்தாள். பழுப்பு, செம்பு, கத்தரிப்பூ நிறம். "பழுப்புக்குப் பழுப்பு எடுக்காது அங்கிள், இது பாருங்க" என்று கடைசியாகக் கரும்பச்சை. சுருங்கிய தோலின் மேல் அந்தக் கோட்டைப் பார்த்தேன். அதையே கட்டித் தரச் சொன்னேன். அன்று மாலை குளிக்கும்போது அந்தக் கையில் சவர்க்காரம் போடவில்லை.

படையலன்று சேலையின் மேல் பென்சிலை வைத்தேன். மகள் எடுத்துப் பார்த்தாள்.

"என்னாப்பா இது? அம்மா கறுப்பு மைதான போடுவாங்க?"

நான் நடந்ததைச் சொன்னேன். தோட்டத்து மை டப்பாவிலிருந்து எல்லாவற்றையும். அவள் குத்துவிளக்கின் திரியைச் சரிசெய்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"தெரியும்பா. அம்மா சொல்லியிருக்காங்க."

"என்ன சொன்னா?"

"நீங்க தொடைக்கச் சொன்னது அவங்களுக்குப் பெருசில்ல. பெர்ரியில ஏறுனதுலேர்ந்து அந்தக் கண்ணயே பாத்துக்கிட்டு வந்தீங்களாம். ஏதாச்சும் சொல்லுவீங்கன்னு இருந்தாங்களாம்."

கும்பிட்டு முடிந்ததும் படைத்ததை வீட்டுப் பெண்கள் எடுத்துக்கொள்வது வழக்கம். மகள் சேலையை எடுத்துக்கொண்டாள். அவளுக்கு என்னைப்போல் கறுப்புக் கண். பென்சிலை என் கையிலேயே தந்துவிட்டாள்.

லங்காவியிலிருந்து கோலா கெடா வந்து சேர ஒன்றே முக்கால் மணி நேரம் ஆகும். அன்று சன்னலுக்கு வெளியே கடல் இருந்தது. அவள் ஒரு முறைகூட அந்தப் பக்கம் திரும்பவில்லை.