பேங்ஜுவின் மூக்கு

குவாங்தோங் கடலோரத்தில் பழைய டிவி உடைக்கும் பட்டறையில் பேங்ஜுவுக்குப் பிளாஸ்டிக் பிரிக்கும் வேலை. துண்டின் ஓரத்தை லைட்டரால் கொளுத்தி, புகையை முகர்ந்து வகை சொல்ல வேண்டும். குளோரின் உள்ளது மூக்கைக் குத்தி எரிக்கும். புரோமின் சேர்த்ததன் நெடி வேறு. நாளடைவில் அந்தப் புகையே அவள் மூக்கைச் சாகடித்தது. வேலை போய்விடுமென்று அவள் வெளியே சொல்லவில்லை. லைட்டரை எடுத்தால் இரண்டு வகைத் துண்டும் ஒரேமாதிரி அணைந்துவிடும். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. குத்துமதிப்பாகப் பிரித்தாள். குளோரின் துண்டுகள் தவறான குவியலோடு உருக்கும் எந்திரத்துக்குள் போய், சூட்டில் அமிலம் கக்கி அதை அரித்துவிட்டன.

முதலாளி லின் திட்டவில்லை. மூடிய தேநீர்க் கிண்ணம் ஒன்றை நீட்டினார்.

"அக்கா, புதுத் தேயிலை. மோந்து பாத்துச் சொல்லுங்க."

வழக்கம்போல் கண்ணை மூடிக்கொண்டு, மூடியை விலக்கி முகர்ந்தாள்.

"அடடா, பூ வாசம் ஆளைத் தூக்குதே முதலாளி!"

பட்டறையே கொல்லென்று சிரித்தது. கிண்ணத்தில் இருந்தது மீன் சாஸ்.

"நாளையிலேருந்து போர்டுல தங்கம் பிரிக்கிற ஆசிட் கொட்டகைக்குப் போயிடுங்க," என்றார் லின். "அங்க எவனும் நெடி தாங்காம ஓடிடுறான். உங்களுக்குத்தான் அந்தத் தொல்லை இல்லையே."

பேங்ஜு தலையாட்டினாள். வேலை போகவில்லை.