பனிக்குள் மூன்று முறை அடித்த மணி

இதை எழுத எனக்கு இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. பேனாவை எடுப்பேன், நாலு வரி எழுதுவேன், கிழித்துப் போட்டுவிடுவேன். ஐ.டி.ஐ. படித்தவனுக்கு எழுத்தெல்லாம் எங்கே வரும் என்று வீட்டில் சொல்லிச் சமாளித்து வந்தேன். உண்மை அதுவல்ல. இதை எழுதினால் நான் செய்ததையும் சேர்த்து எழுத வேண்டும். அந்த வெட்கம்தான்.

2002ஆம் வருடத் தொடக்கம். பெங்களூரில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் கம்ப்யூட்டர்களைப் பழுது பார்க்கும் வேலை எனக்கு. வீடு லிங்கராஜபுரத்தில். வாரத்தில் ஆறு நாளும் ஏ.சி. அறையில் ஒயர்களுக்கு நடுவே குனிந்து கிடப்பவனுக்கு இரண்டே ஆசைகள். ஒன்று கியர் வைத்த சைக்கிள், இன்னொன்று பழையதாக வாங்கிய ஃபிலிம் கேமரா. அதிகாலையில் மிதித்துக்கொண்டு போய் ஏதாவது ஒரு ஏரிக்கரையில் சூரியன் எழும்பும்போது படம் எடுத்துவிட்டு, ஞாயிறு மாதா கோயிலில் இரண்டாம் பூசைக்குள் திரும்பிவிடுவேன். பூசையைத் தவறவிட்டதே இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஆனேக்கல் பக்கம் ஒரு ஏரிக்குப் போக ஆசைப்பட்டேன். போய்வர எண்பது கிலோமீட்டர் இருக்கும், காலைப் பூசைக்குத் திரும்ப முடியாது. சாயங்காலப் பூசைக்குப் போய்க்கொள்கிறேன் என்றேன்.

"போங்க, போங்க. ஆண்டவர் உங்க ஃபோட்டோவுல நிக்கிறாரான்னு பாத்துட்டு வந்து சொல்லுங்க" என்றாள் என் மனைவி. கேலிதான். ஆனால் வழியெல்லாம் அது உறுத்திக்கொண்டே வந்தது.

நான் அந்த ஏரிக்குப் போய்ச் சேரும்போது விடிந்திருந்தது, ஆனால் எதுவும் தெரியவில்லை. அப்படியொரு பனி. கரைமேல் மண்பாதை, ஒரு பக்கம் கல் பதித்த சரிவு, கீழே கோரைப்புல், அதற்கப்பால் தண்ணீர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் வெள்ளை. சைக்கிளைப் புளியமரத்தில் சாய்த்துவிட்டு, கேமராவை ஒரு கல்மேல் நிறுத்தி, வெளிச்சம் வரட்டும் என்று காத்திருந்தேன். பறவைச் சத்தம்கூட இல்லை. கொஞ்ச நேரத்தில் பனி சற்று விலகியது. கோரைக்கு நடுவே தண்ணீரில் வெள்ளையாக ஒரு கோடு நீண்டு கிடந்தது. பனியின் நிழல் என்று நினைத்தேன். என்ன அழகு என்று ஒன்றுக்கு மூன்றாக எடுத்தேன்.

அப்போதுதான் மணி அடித்தது. சைக்கிள் மணி. ஒரே ஒரு முறை, மெல்ல.

பாதையில் யாரும் இல்லை. என் சைக்கிள்தான் காற்றில் ஆடியதோ என்று மரத்தடிக்குப் போனேன். காற்றே இல்லை. மணியைத் தொட்டுப் பார்த்தேன், பனியில் நனைந்து சில்லிட்டிருந்தது. அதை உள்ளங்கையால் நன்றாகப் பொத்திக்கொண்டு நின்றேன்.

பொத்திக்கொண்டிருக்கும்போதே மணி மறுபடியும் அடித்தது.

"யாருங்க அது?" என்று கேட்டேன். பனிக்குள் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்றே தெரியவில்லை, காதுக்குள் அடிப்பதுபோல் இருந்தது. கொஞ்சம் விட்டு மூன்றாவது முறை.

மணி ஏழு இருக்கும். எங்கள் கோயிலில் முதல் பூசையில் குருவானவர் அப்பத்தை உயர்த்தும் நேரம். அப்போது மூன்று முறை மணி அடிப்பார்கள். பூசையை விட்டுவிட்டு வந்தவனைத் தேடி அந்த மணி இங்கேயே வந்துவிட்டது என்று தோன்றியது. இப்போது படிக்க உங்களுக்குச் சிரிப்பு வரலாம். எனக்கு முதுகெல்லாம் சிலிர்த்துப் போய், பையிலிருந்த ஜெபமாலையை எடுத்துச் சத்தமாகச் சொல்ல ஆரம்பித்தேன். பத்து மணிகள் உருட்டியிருப்பேன். அதற்குப் பிறகு அந்த மணி அடிக்கவில்லை. ஜெபத்துக்குப் பயந்து அது அடங்கிவிட்டது என்று மாதாவுக்கு நன்றி சொல்லி, கேமராவை அள்ளிக்கொண்டு சைக்கிளில் ஏறியவன், ஆனேக்கல் பஸ் ஸ்டாண்ட் வரும்வரை திரும்பிப் பார்க்கவில்லை.

அந்தக் காலத்தில் ஃபிலிம் சுருளில் முப்பத்தாறு படம். எல்லாம் தீராமல் யாரும் கழுவக் கொடுக்க மாட்டோம். எனக்கு இன்னும் பதினோரு படம் பாக்கி இருந்தது. ஈஸ்டர் முடிந்து மகள் முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மை விழா வந்தது, அதற்கென்று வைத்துவிட்டேன். ஆகவே அந்த ஏரி மூன்று மாதம் என் அலமாரிக்குள், கேமராவின் வயிற்றில் இருட்டில் கிடந்தது.

பிரிண்ட் வந்ததும் ஏரிப் படத்தை ஆபீசுக்கு எடுத்துப்போய் ஸ்கேன் செய்தேன், கம்ப்யூட்டர் திரையில் வைக்கலாம் என்று. பக்கத்து சீட்டுத் தம்பி எட்டிப் பார்த்தான்.

"சூப்பரா இருக்குண்ணா. ஆனா மாடலை ஏன் தண்ணிக்குள்ள படுக்க வெச்சீங்க?"

"என்னப்பா உளர்ற?"

"இங்க பாருங்க, கை." அவன் மவுஸைப் பிடித்துப் பெரிதாக்கினான்.

கோரைக்குள் வளைவாக ஒரு சைக்கிள் சக்கரம். கவிழ்ந்து கிடந்த ஒரு பால் கேன். அதிலிருந்து தண்ணீரில் போன வெள்ளைக் கோடு. ஹேண்டில் பாரைப் பிடித்தபடி ஒரு கை. பெருவிரல் மணிமேல் இருந்தது.

தம்பியின் சிரிப்பு நின்றுவிட்டது. "அண்ணா, அப்ப நீங்க யாரையும் பாக்கலியா?" என்றான். நான் திரையை அணைத்தேன்.

அன்றைக்கே பாதி நாள் லீவு போட்டு பஸ் ஏறினேன். அந்தப் பயணம் முழுக்க ஒரே கேள்விதான், அவர் இருக்கிறாரா, இல்லையா. அன்று ஜெபமாலையைத் தொடக்கூட எனக்குக் கை வரவில்லை. ஏரிப் பக்கத்து டீக்கடைக்காரரிடம் படத்தை நீட்டினேன்.

"இது நம்ம பால்காரண்ணன் விழுந்த எடமாச்சே."

"அவரு இப்ப..."

"இருக்காரு சார். ஒரு காலு போச்சு."

வீட்டை அவரே காட்டினார். கயிற்றுக் கட்டிலில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் உட்கார்ந்திருந்தார். இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. விழுந்த சேதி கேட்டு வந்தேன் என்று மட்டும் சொன்னேன். அவர் மனைவி காபி கொண்டுவந்து வைத்தார். பால்காரர் பல பேருக்குச் சொல்லிப் பழகியவர்போலச் சொன்னார்.

"இருட்டுல சரிவுல வழுக்கி விட்ருச்சு சார். காலு கல்லுச் சந்துல நசுங்கிருச்சு, நெஞ்சு மேல சைக்கிளு. வாயத் தொறந்தா மூச்சுதான் வருது, சத்தம் வரல. வெரலு மட்டும் எட்டுச்சு, மணிய அடிச்சேன். மேல யாரோ ஒருத்தரு இருந்தாரு சார். யாருன்னு கேட்டாரு."

"அது மனுசன் இல்ல. காவலுக்கு வந்த முனேஸ்வரன்" என்றார் மனைவி.

"முனேஸ்வரன் எதுக்குடி மரியே மரியேன்னு சொல்லணும்?" என்று அவர் சிரித்தார். நான் காபி டம்ளரைக் கீழே வைத்தேன். "ஜெபம் பண்ணாரு சார். நல்லா காதுல விழுந்துச்சு. சரி, சாமி கும்புடுற ஆளு, எறங்கி வந்துருவாருன்னு நெனச்சேன். அதனாலதான் அடிக்கறத விட்டுட்டேன். அப்புறம் செயின் சத்தம் கேட்டுச்சு. போயிட்டாரு. மாடு மேய்க்கறவங்க வந்து பாக்கறதுக்குள்ள வெயில் வந்துருச்சு. ஆஸ்பத்திரில, முன்னாடியே வந்திருந்தா காலக் காப்பாத்திருக்கலாம்னாங்க."

எழுந்து வந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். முனேஸ்வரனாகவே இருந்துவிட்டுப் போகலாம், யாருக்குத் தெரியப்போகிறது? அந்த நினைப்பு வந்தது உண்மை. ஆனால் கை தானாகப் பையிலிருந்து படத்தை எடுத்துக் கட்டில்மேல் வைத்தது.

"அது நான்தாங்க. பேய்னு பயந்து ஓடிட்டேன்."

அந்த அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டார். பால்காரர் படத்தைக் கண்ணுக்கு அருகே கொண்டுபோய்ப் பார்த்தார்.

"இதுல நான் எங்க இருக்கேன்?"

விரலை வைத்துக் காட்டினேன்.

"பாலு பூரா கொட்டிருச்சு பாருங்க" என்றார். பிறகு படத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "எறங்கி ஒரு பத்தடி வந்திருக்கலாம் சார்" என்றார். திட்டவில்லை. அவ்வளவுதான் சொன்னார்.

அதற்குப் பிறகு பல தடவை போயிருக்கிறேன். என்னால் ஆனதைச் செய்தேன், அதைப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. அந்த அம்மா கடைசிவரை என்னிடம் பேசவில்லை. அது நியாயம்தான்.

எங்கள் ஜெபக்கூட்டத்தில் இதை ஒருமுறை அழுதுகொண்டே சொன்னேன். அடுத்த மாதமே வேறு ஒருவர் வாயில் அது வேறு மாதிரி வந்தது. "நம்ம சகோதரர் ஏரிக்கரையில ஜெபமாலை சொன்னாரு, சாகக் கிடந்தவர் பிழைச்சிட்டாரு." எல்லோரும் தோத்திரம் என்றார்கள். நான் மறுத்துப் பேசாமல் தலையைக் குனிந்துகொண்டேன். அதுவும் என் தப்புதான்.

அதனால் இதைப் படிக்கிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இதை யாரிடமாவது சொல்வதாக இருந்தால் உள்ளபடியே சொல்லுங்கள். நான் பயந்ததையும், ஜெபம் சொன்னதையும், அதை நம்பி அவர் மணி அடிப்பதை நிறுத்தியதையும், நான் ஓடியதையும் ஒன்றுகூட விடாமல் சொல்லுங்கள். இன்றைக்கும் பூசையில் அந்த மணி மூன்று முறை அடிக்கும்போது எல்லோரும் தலை குனிந்து கண்ணை மூடிக்கொள்கிறார்கள். என்னால் மட்டும் மூட முடிவதில்லை, யாராவது எங்கேயாவது விழுந்து கிடக்கிறார்களா என்று சுற்றும் முற்றும் பார்க்கிறேன்.